நாற்பத்தொன்று

சோஹார் பண்ணையில்
மாமரங்களுக்கு நோயை
என் கையால்தான் வைக்கிறேன்.
பட்டையில் ஒரு துளை,
துளையில் பருக்கையளவு பூஞ்சை,
மேலே மெழுகு நாடா.
"இன்றைக்கு யாருக்குத் தடுப்பூசி?" என்பார் ஹமூத்.
ஊசியில்லை ஹமூத், பரீட்சை.

வண்டு துளைத்து வாடிய பழைய வரிசை
இலை உதிர்க்கவும் மறந்து
பழுப்பாகவே நிற்கிறது சாலையோரம்.

கலப்பினக் கன்றுகள் அறுபது.
பதினோராம் வாரம் பட்டையைச் சீவினால்
கறுப்பு, கறுப்பு, கறுப்பு.
நாற்பத்தொன்றில் மட்டும்
ஒரு நகத்தின் அகலத்தோடு
நின்றுவிட்டது கறை.
நம்பாமல் இன்னொரு துளை போட்டேன்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
அதுவும் நின்றது.

நான்காம் வருடம் மூன்று பிஞ்சு.
ஒன்றை மணற்காற்று கொண்டுபோனது,
ஒன்றைக் கொண்டைக்குருவி குடைந்தது.
வலை கட்டலாமா என்றார் ஹமூத்.
நாளைக்கு என்றேன்.

விடியலில்
காம்பு மட்டும் பால் கசிந்தபடி.
வேலிக்கு அப்பால்
நார் நாராய்ச் சப்பிய கொட்டை.

பதிவேட்டில் 'எடை' என்ற கட்டத்தில்
வௌவாலிடம் இருக்கிறது என்று எழுதி,
அடித்து,
திரும்ப அதையே எழுதினேன்.
அடுத்த கட்டம் 'சுவை'.
கொட்டையில் துளி சதையில்லை.
நன்று.