பதினெட்டு லிட்டர்

செராங்கூன் நார்த் மீன்கடையில்
பத்து நியான் டெட்ரா கேட்டேன்.
“தொட்டிக்கு எத்தனை லிட்டர்?”
குவான் ஹொக்கின் வலை நீருக்குமேல் நின்றது.
பதினெட்டு.
ஆறைப் பிடித்துப் பையைக் கட்டிவிட்டார்;
நீட்டிய பத்து வெள்ளியில் மீதியைத் திருப்பினார்.

நெரிசல் பேருந்தில் பையை உயர்த்திப் பிடித்தபடி
எட்டு நிறுத்தம்.

குளோரின் முறித்த நீரில்
பையோடு அரைமணி மிதந்தவை
அவிழ்த்துவிட்டதும்
வடிகட்டிக்குப் பின்னால் ஒரே கொத்தாய் ஒதுங்கின.
முன்பக்கம் முழுக்கத் தண்ணீர்.

“இவ்வளவு எடம் சும்மாத்தானே கெடக்கு,
இன்னும் நாலு விட்டா என்ன?”
என்றாள் மீனலோசனி,
மேல்கட்டிலிலிருந்து தலையைத் தொங்கவிட்டு.
அவள் ஈரத்துண்டு என் தலையணைமேல் சொட்டியது.
நால்வர் அறை.

விளக்கணைத்த பின்
தாழ்வார வெளிச்சத்தில் பார்த்தேன்:
ஒன்று மட்டும் பாசியைத் தாண்டி வந்து
காலி இடத்தில் கொஞ்சம் நின்றது,
பிறகு, தேவையே இல்லாமல்,
பெரிதாய் ஒரு வட்டம் போட்டது.