சாரதியின் பெயர்

துறைமுகப் பொலிஸ் எழுதிய முறைப்பாட்டில்
சாரதியின் பெயர் என்ற இடத்தில் ஒரு சிறுகோடு.
தகப்பன் பெயர்: சிறுகோடு.
அனுமதிப்பத்திர இலக்கம்: அதற்கும் ஒன்று, சற்று நீளமாக.
சார்ஜனுக்குக் கோடு போடுவது பழகிவிட்டது போலும்.

சட்டத்தரணி றிழ்வானாவின் அறையில் நான் தட்டச்சு.
பதினொரு வருடமாக மற்றவர்களின் எலும்புகளுக்கு
இலக்கமிட்டுப் பந்தி பிரிக்கிறேன்.
பஸ் அடித்த கால். டிப்பர் நசுக்கிய தோள்.
ஒருமுறை கடற்படை ஜீப்; அதன் விளக்கம் இன்னும் முடியவில்லை.
எல்லாவற்றிலும் எதிராளி ஒரு மனிதன்.
தவணை நாளில் வெள்ளைச் சட்டை மாட்டி,
வெற்றிலைக் கறை தெரியாமல் வாயை மூடிக்கொண்டு
நீதிமன்றப் படியில் நிற்பான்.

மரியகொறற்றி வலக்கையை மேசையில் வைத்தாள்,
தராசில் மீன் வைப்பதுபோல.
மூன்று கம்பி, இரண்டு ஆணி.
பாலையூற்றிலிருந்து விடியமுன் கிளம்பி
கடைகளுக்கு இடியப்பம் போடுகிறவள்.

கம்பனி அனுப்பிய பதிவேடு ஆங்கிலத்தில் இருந்தது:
ஐந்து நாற்பத்திரண்டு, ஏழாவது செக்கன்: மான். தொண்ணூற்றெட்டு வீதம் நிச்சயம்.
எட்டாவது: இன்னொரு மான். இடப்பக்கம் ஒதுங்கு.
ஒன்பதாவது: பொருள். வகை தெரியவில்லை.

"இதைத் தமிழில எப்பிடி எழுதப்போறீர்?" என்றார் மிஸ்.
வகை தெரியாத பொருள் என்று அடித்தேன்.
அழித்தேன்.
திரும்பவும் அதையேதான் அடித்தேன்.
தலையில் சுளகு, சுளகில் தட்டு, தட்டுக்குமேல் ஈரத் துணி.
பஸ் நிலையத்தடியில் படுத்திருக்கிற நாய்க்கும் தெரியும்
அது என்ன வகை என்று.

வண்டி கொழும்பில் பதிவு. மூளை சிங்கப்பூரில்.
காப்புறுதிக்காரர் எங்கேயென்று கடிதத்தலைப்பிலும் இல்லை.
வண்டி எங்களுடையது, முடிவு எங்களுடையதல்ல என்கிறது ஒரு கடிதம்.
முடிவு சரியானது, வீதிதான் ஈரம் என்கிறது மற்றது.
மூன்றாவது, மான்கள் யாருடைய பொறுப்பு என்று கேட்கிறது.

நாலாவதில்தான் விசயம்.
மார்கழியில் ஒருநாள் எங்கள் வண்டியில் ஏறினீர்.
ஒப்புக்கொள்கிறேன் என்பதை அழுத்தினீர்.
ஆகவே எந்தப் பிணக்கும் சிங்கப்பூரில், நடுவர் முன்னிலையில்.

"அழுத்தினீங்களா?"
அவள் கையைப் பார்த்தாள். ஆணி ஏறிய அதே விரல்.
"ஏறினனான் மிஸ். அண்டைக்கு நல்ல மழை.
சந்தியில, தம்பி இதில நிப்பாட்டுங்கோ எண்டனான். நிண்டது.
இறங்கி, பெரிய உபகாரம் எண்டும் சொன்னனான்.
வெறும் சீற்றுக்கு."

மிஸ் சிரிக்கவில்லை. மின்விசிறி பிராதின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

"முந்தி என்ர தம்பியை இடிச்ச ஓட்டோக்காரன்
ஹோர்லிக்ஸ் போத்தலோட வந்து கட்டில் காலடியில நிண்டவன்.
தாயையும் கூட்டி வந்தவன்.
நாங்கள் ஏசினோம். அவன் அழுதான்.
வழக்கு வைக்கேல்ல.
எனக்கு ஒருத்தரும் வரேல்ல மிஸ்.
மூண்டு கிழமை வாசலைப் பாத்துக்கொண்டு கிடந்தனான்."

நட்டஈட்டுத் தலைப்புகளில் இதற்கு இடம் இல்லை.
மருத்துவச் செலவு உண்டு, உழைப்பிழப்பு உண்டு,
வலியும் வேதனையும் என்று ஒரு வரி உண்டு.
அதற்குள் வாசலைச் செருகப் பார்த்தேன்.
மிஸ் வெட்டிவிட்டார். பிறகு, என்ன நினைத்தாரோ,
பென்சிலால் பக்கத்தில் "இருக்கட்டும்" என்று எழுதினார்.

கையெழுத்துக்கு இடக்கையை நீட்டினாள்.
மரிய என்பதோடு கோடு சரிந்து
முத்திரைக்கு வெளியே போய்விட்டது.

ஐந்தரைக்குப் பூட்டிக்கொண்டு இறங்கினேன்.
மைதானத்தடியில் மூன்று மான்கள் வீதியை அடைத்து நிற்க
ஒரு டாக்சி பொறுமையாகக் காத்திருந்தது,
உள்ளே ஒருவருமில்லாமல், வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டு.
மான்களோடு மானாக நானும் கடந்தேன்.
அது அசையவில்லை.
என்னை என்னவென்று எழுதிக்கொண்டதோ.
மறுகரையில் கால் வைத்தபோது
பழக்கதோசத்தில், நன்றி சொல்ல,
பாதிவரைக்கும் உயர்ந்துவிட்டது கை.