ஒன்பதே முக்கால் வண்டி

புதுச்சேரியில் ஏறினால் கடலூரில்தான் இறக்கம்.
முன்கண்ணாடியில் சிவப்பில் எழுதியிருக்கிறது:
இடையில் நில்லாது.

முருங்கப்பாக்கம் தாண்டியதும்
டிரைவர் தெய்வநாயகம் பென் டிரைவைச் செருகுவார்.
தவளக்குப்பத்தில் அந்தப் பாட்டு வரும்.
எந்தப் படம் என்று எனக்குத் தெரியாது.
யார் பாடினார் என்பதில் வண்டிக்குள் இரண்டு கட்சி.
தபேலா நின்று,
புல்லாங்குழல் ஒரு மூச்சு இழுத்து,
அப்புறம் அந்தக் குரல்:

போன படகே இனி வாராதே
கரையின் விளக்கே அணையாதே

நாலு வருஷமாகக் கேட்கிறேன்.
சில்லறை எண்ணும் விரலுக்குத் தாளம்,
வேறொன்றுமில்லை.

நேற்று எல்.ஐ.சி. கலியபெருமாள்
கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:
"போனது போனதுதான். படகு திரும்பாது.
வாராதே, அய்யோ, வாராதே.
ஒப்பாரிய்யா இது."

பின்சீட்டில் டைல்ஸ் ஒட்டும் பாவாடைசாமி.
முழங்காலில் வெள்ளை சிமெண்ட்,
வாயில் குவார்ட்டர் மணம்.
"யோவ், ஒப்பாரியா?
ஏய் படகே, இந்தப் பக்கம் வராதேங்கறா.
துரத்துறாய்யா அவனை!"

"துரத்துறவ விளக்கை எதுக்கு
அணையாதேங்கறா?"
கலியபெருமாள் பாலிசி விற்கிறவர்,
ஷரத்து பார்க்காமல் விடமாட்டார்.

பாவாடைசாமி கம்பியைப் பிடித்து எழுந்தான்.
வண்டி ஆடியதா அவன் ஆடினானா தெரியவில்லை.
"வராதேன்னு சொன்னவதான்யா
விளக்கை அணைக்கமாட்டா."

யாரோ விசிலடித்தார்கள்.
தெய்வநாயகம் சத்தத்தைக் கூட்டினார்.
கல்லூரிப் பையன் ஒருவன்
காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டு,
பாடுகிறவர் 'படகே'வுக்குப் பிறகு மூச்சு வாங்குகிறார்,
அதனால் அது கூப்பிடுவதுதான், என்றான்.
மெட்டு இடம் விட்டது, மூச்சு வாங்கினார்,
அதில் என்ன அர்த்தம், என்றார் கலியபெருமாள்.
கிருமாம்பாக்கம் போனது.
கன்னியக்கோயில் போனது.
முள்ளோடையின் கடை வெளிச்சங்கள்
ஜன்னல் ஜன்னலாய் நடந்து போயின.

மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா.
மடியில் ஜிப்மர் ஃபைல்,
அதன்மேல் ஆளில்லாத ஒரு சட்டை, மடித்து.
ஒரே டிக்கெட்தான் எடுத்திருந்தாள்.
போன வாரம் இரண்டு எடுத்தாள்;
எனக்கு முகம் மறக்கும்,
டிக்கெட் மறக்காது.

பை வாரைப் பிடித்து இழுத்தாள்.
"தம்பி,
ரெட்டிச்சாவடியில வண்டி நிக்காதே?"

நிற்காதே.
ஒரு நாளைக்கு நாற்பது பேர் என்னிடம் கேட்பது.
இது சிதம்பரம் போகாதே?
ஆயிரத்துக்குச் சில்லறை இருக்காதே?
யாரும் எனக்குக் கட்டளை போடவில்லை,
யாரும் அழவில்லை.
இல்லை என்று தெரிந்தே கேட்கிறார்கள்.
நான் தலையாட்டி மறுத்துவிடக்கூடாதா என்று
'ஏ'யில் கொஞ்ச நேரம்
தொங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

போன படகே இனி வாராதே?

கரையில் அப்படி ஒருத்தி
யாரிடமோ கேட்டிருக்கிறாள்.
பாட்டில் பதில் இல்லை.
பதில் சொல்ல வேண்டியவன்
புல்லாங்குழலை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

இதைப் பின்சீட்டுக்குச் சொல்லியிருக்கலாம்.
பாவாடைசாமி தூங்கிவிட்டான்.
கலியபெருமாள் போனில்
யாருக்கோ தவணை தேதி நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

"நிக்கும்மா" என்றேன்.

விசில் கொடுத்தேன்.
தெய்வநாயகம் கண்ணாடியில் என்னை முறைத்தார்.
இன்னொரு தரம் கொடுத்தேன்.
பிரேக்கில் எல்லோரும் ஒருமுறை முன்னால் வந்து போனார்கள்.
ஃபைலை நான் வாங்கிக்கொண்டேன்,
சட்டையை அவளே வைத்துக்கொண்டாள்.
இறங்கியவள் டீக்கடை ட்யூப்லைட் வரைக்கும் நடந்து
அங்கே நின்று ஃபைலுக்காகக் கை நீட்டினாள்.
அதுவரை நானும் கூடவே நடந்திருக்கிறேன்.

திரும்பி ஏறியபோது
அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.
குஷியான டூயட்.
அர்த்தம் ஒன்றுமில்லாத லாலாலா.
"யாருக்குய்யா நிறுத்தினே,
ஓனர் கேட்டா என்ன சொல்லுவே?" என்றார் தெய்வநாயகம்.

கேட்க மாட்டாரே,
என்றேன்.