இருபத்தைந்தில் ஒன்று

லியபாயா துறைமுகத்தில் இன்று பெருங்காற்றாம்.
எனக்குக் கேட்பதில்லை.
ஜன்னல் மேசைக்குச் சொல்லும்,
மேசை என் முழங்கைக்கு.

திரையில் ஓயார்ஸ்.
கப்பல் பட்டறையில் வெல்டர், என்னைப் போலவே செவி கேளாதவர்.
கொதிகலன் வெடித்த நாளைக்
கைகளால் சொல்கிறார்.
சொல்ல விடமாட்டேன் என்கிறது என் கம்ப்யூட்டர்.

முழு ஹெச்டி. நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம்.
பிளே அழுத்தினால்
வலக்கை மார்பருகே நிற்கிறது,
நிற்கிறது,
திடீரென்று தலைக்கு மேல் இருக்கிறது.
வழியில் என்ன சொல்லிற்று?

காது உள்ளவர்களுக்கு இது சின்னத் திக்கல்.
படம் நொண்டினாலும் குரல் நடந்துவிடும்.
எங்களுக்கு
விழுந்த ஃபிரேம், விழுந்த சொல்.
'மூவர் உள்ளே இல்லை' என்றவரை
'மூவர் உள்ளே' என்று சொல்லவைத்துவிடும்.

தரத்தைக் கால்வாசிக்கு இறக்கிப் பார்த்தேன்.
ஓடியது, எண்ணெய் விட்ட கீல்போல.
ஆனால் விரல்கள் ஒன்றில் ஒன்று கரைந்து
கையுறை மாட்டிக்கொண்டன.
இரண்டு விரலா, மூன்றா?
கஞ்சியில் பருக்கை தேடுகிற வேலை.

படம் பிடித்த ரைடிஸ் செய்தி அனுப்பினான்:
உன் மெஷினைத் திட்டாதே, கஞ்சம் என் கேமராதான்.
பன்னிரண்டுக்கு ஒன்றுதான் முழுப்படம்.
மற்றதெல்லாம்
'முன்பு சொன்னதேதான், மணிக்கட்டு மட்டும்
கொஞ்சம் இடப்பக்கம்' என்று துண்டுச்சீட்டு.
அத்தனை சீட்டையும் கூட்டிப் பார்த்துத்தான்
ஒரு கையை வரைகிறது அது, பாவம்.
ஒவ்வொரு ஃபிரேமும் சொந்தக் காலில் நிற்கும்படி
எல்லாவற்றையும் மாற்று.
எட்டு மடங்கு இடம் தின்னும், அவ்வளவுதான்.

இடமா?
நகரசபைத் தேர்தல் விளம்பரங்களை அழித்தேன்.
ஒரு பற்பசையையும். வருத்தமே இல்லை.

இரவு பதினொன்றுக்கு மாற்றத் தொடங்கியது.
பெட்டிமேல் உள்ளங்கை வைத்துப் படுத்தேன்.
உள்ளே விசிறி
ஏறியது, தணிந்தது, மறுபடி ஏறியது.
வேலை நடக்கிறது என்பதற்கு
எனக்கு அதுதான் தகவல்.
விடியுமுன் அதிர்வு நின்றபோது
கைதான் முதலில் விழித்தது.

பிளே.

தயங்காமல், தாவாமல்
ஓயார்ஸ்.
பத்து விரலும் பத்து விரலாக.
நகக்கண்ணில் கரி.
புகை, கதவு, ஓட்டம்.
மூவர் உள்ளே இல்லை.
அந்த 'இல்லை'க்காக விரிந்த கையை
நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன்,
வெறும் சந்தோஷத்தில்.

பிறகு ரைடிஸின் கேள்வி:
வால்வைத் திறந்தது யார்?

இரண்டு விரல் எழுந்து
புருவம்வரை போய்
தொடாமல் மடங்கின.
அதன்பின் தோளைக் குலுக்கி, தெரியாது என்றார்.

ஒன்பது ஃபிரேம்.
அரை நொடிகூட இல்லை.
நேற்று என் மெஷின் அதை விழுங்கியது,
கால்வாசித் தரம் அதைப் புகைபோலக் காட்டியது,
ரைடிஸ் அப்போது ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.
ஆனால் புருவத்தில் இரண்டு விரல் என்றால்
எங்கள் சங்கத்தில் ஒரே ஆள்தான்:
ஓயார்ஸின் தம்பி.

வெட்டலாம்.
கர்சரைக் கொண்டுபோய் வைத்தும்விட்டேன்.
வெட்டினால் அந்த இடத்தில் கை துள்ளும்,
பார்க்கிறவர்கள் மெஷினைக் குறை சொல்வார்கள்,
இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள்.
இரவெல்லாம் நான் கண் விழித்தது
கை துள்ளாமல் இருக்கத்தான்.

காபி ஆறிப்போனது.
காற்று இன்னும் ஜன்னலிடம் பேசிக்கொண்டிருந்தது.
ஓயார்ஸுக்கு எழுதினேன்:

எட்டு மணிக்கு ஒரு நடை வாருங்கள், தனியாக.
இப்போது நன்றாக ஓடுகிறது.