நான்கு விநாடி

ஐப்பசி. மூன்று நாளாய் விடாத மழை.
லெட்சுமாங்குடிப் பாலத்தை வெண்ணாறு முட்டிக்கொண்டிருந்தது.
கேமரா ஒயரும் கனெக்டரும் விற்கிற என் கடை வாசலில்
முந்தானைக்குள் ஒரு நீலப் பெட்டியைப் பொத்திக்கொண்டு
செல்லக்கிளி.
"இதுல நான் இருக்கேனாம். எடுத்துக் குடுங்க."

வெளிநாட்டுக்காரர்கள் பதினொரு நாள்
திருவாரூரில் அறை போட்டுத் தங்கி
உலகத்து ஆறுகளைப் பற்றி எடுத்த படம்.
சம்பா நடவில் குனிந்திருந்தவர்களை
வரப்பில் படுத்துக்கிடந்து பிடித்துப் போனார்கள்.
ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம்.
இரண்டு வருஷம் கழித்து பஞ்சாயத்து முகவரிக்கு
நன்றி என்று எழுதி இந்த வட்டு.

பண்ணை வீட்டு பிளேயர் முகத்தைத் திருப்பிக்கொண்டதாம்:
இந்த வட்டாரத்தில் இது ஓடாது.
"எந்த வட்டாரம்? நான் நட்டது
இந்த வட்டாரந்தானே?"

"பூட்டியிருக்கும்மா."
"யாரு பூட்டுனா?"
"கம்பெனி."
"உள்ள இருக்குறது நானு."

வட்டின் ஓரத்தில் பூஞ்சை,
புழு கடித்த இலைபோல உள்நோக்கி நகர்ந்திருந்தது.
இன்னொரு கார்த்திகை தாங்காது.

ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.
சபராளி மச்சான் பினாங்கிலிருந்து கொண்டுவந்த டிரைவ்
இரண்டு தரம் தும்மிவிட்டுச் சுழன்றது.
முதலில் எச்சரிக்கை. பதினான்கு மொழியில்
சிறை, அபராதம்.
தமிழ் இல்லை.
சிரித்தேன். அப்புறம் சிரிக்கவில்லை.

பூட்டுக்குள் பூட்டு.
சாவியைப் பூட்டி வைக்க வேறொரு சாவி.

போன வருஷம் கோரையாற்றுச் சட்ரஸில்
லஸ்கர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து
எவனோ பூட்டை அறுத்து ஓரடி தண்ணீர் திறந்தான்.
கேஸ் இன்னும் மன்னார்குடி கோர்ட்டில் நடக்கிறது.
தண்ணீர் பாய்ந்த வயலில்
இரண்டு போகம் அறுத்தாயிற்று.

நான் எதையும் அறுக்கவில்லை.
ஏதோ குளிர்நாட்டில் தூக்கமில்லாத ஒருவன்
செய்து வைத்துவிட்டுப் போன சாவியைத் திருகினேன்,
அவ்வளவுதான்.
கரண்ட் போனது. வந்தது. மறுபடி முதலிலிருந்து.
சுபுஹு பாங்கு சொல்லும்போது
நூற்றுக்கு நூறு என்றது திரை.

முப்பத்தேழாவது நிமிஷம்.
சேறு. நாற்றுமுடி. வரிசையாய் ஆறு முதுகு.
ஒரு முதுகு நிமிர்கிறது:
கன்னத்தில் சேறு, மூக்கில் ஒரு துளி வெளிச்சம்.
வாய் திறக்கிறது. வெட்டிவிட்டார்கள்.
மேலே ஒரு கனத்த குரல், இங்கிலீஷில்:
இந்த மனிதர்கள் ஈராயிரம் வருஷமாய் மாறவேயில்லை.

காலையில் நின்றபடியே ஏழு தரம் பார்த்தாள்.
"அந்தாளு என்ன சொல்றான்?"
சொன்னேன்.
"மாறலையாமா? அன்னைக்குத்தான்
புது மூக்குத்தி போட்டுக்கிட்டுப் போனேன்."
தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
துளையில் வேப்பங்குச்சி.
மூக்குத்தி சொசைட்டியில் ஏலம் போய்
ஒரு தை முடிந்துவிட்டது.

"கயிறு கோணுதுடி, நேரா நடுன்னு சொன்னேன்.
அதைப் போடலையா?"
"போடலை."
"அதானே முக்கியம்."

பென்டிரைவை மஞ்சள் பைக்குள் முடிந்துகொண்டாள்.
ஐம்பது ரூபாய். மீதியை வாங்கவில்லை.
ஓடாத வட்டையும் விடாமல் எடுத்துக்கொண்டு
வடபாதிமங்கலம் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஒரு பிரதி என் கம்ப்யூட்டரில் தங்கிவிட்டது.
அது தொலைந்தால் திரும்பி வருவாளே என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.
அழிக்கும் பொத்தான் மேல் விரல்
இரண்டு முறை போய்வந்தது.
வைத்துக்கொள்ளட்டுமா என்று அவளைக் கேட்கவில்லை.
கடைக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள்,
யாராவது எடுத்துவிடப் போகிறார்கள் என்று
கடவுச்சொல் போட்டுப்
பூட்டி வைத்தேன்.