உண்மை எனக் கொண்டால்

இரவு பன்னிரண்டு. மடிவாளா விடுதியின் மொட்டைமாடியில்
காலித் தொட்டிக்கு முதுகைக் கொடுத்து
நாற்பத்தோராம் கேள்வி:
பின்வருவனவற்றுள் எது, உண்மை எனக் கொண்டால்,
இவ்வாதத்தை மிகவும் வலுவிழக்கச் செய்யும்?

முதலில் முடிவைத் தேடு.
‘ஆகவே’யின் நிழலில் ஒளிந்திருக்கும்,
சில சமயம் முதல் வரியிலேயே
கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும்.
பிறகு, அது எதன்மேல் நிற்கிறது என்று பார்.
காலை வெட்டாதே. கொடுத்தது கொடுத்ததுதான்.
காலுக்கும் தரைக்கும் நடுவே
ஒரு காகிதம் நுழையும் சந்து இருக்கும்.
யாரும் சொல்லாமல் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்று
அங்கேதான் படுத்திருக்கும்.

போன மாதம்வரை எனக்கு இது தெரியாது.
பிடிக்காத முடிவென்றால் சண்டைக்குப் போவேன்,
உரக்கக் கத்தும் தெரிவை வட்டமிடுவேன்.
முப்பதுக்குப் பதினொன்று.

இன்று காலை ஆறரைக்குக் கெம்பம்மா கதவைத் தட்டினார்.
மூச்சிரைப்போடு ஒரு வாதம்.
நீங்கள் ஆறு பேர் வந்தது பிப்ரவரியில்,
போர்வெல் வற்றியது மார்ச்சில்,
ஆகவே குளித்தே தீர்த்தது நீங்கள்தான்.
டேங்கருக்குத் தலைக்கு எண்ணூறு.

சந்து தெரிந்தது.
லாரியே நுழையும் அகலத்தில்.

(அ) மெர்சி ஜெனிட்டா வாரத்துக்கு ஒருமுறைதான் தலைக்கு ஊற்றுகிறாள்.
பாவம்தான். ஒருத்தியை வைத்து ஆறு பேரை மீட்க முடியாது.
(ஆ) டேங்கர்காரர் கெம்பம்மாவின் தம்பி மருமகன்.
இனிக்கிறது. ஆளைத் தொடுகிறது, வாதத்தைத் தொடவில்லை.
(இ) எதிர்வரிசையில்
இரண்டு வருடமாய்ப் பூட்டிக் கிடக்கும் அச்சகத்தின் போர்வெல்லும்
அதே மார்ச்சில்தான் வற்றியது.

இ. சந்தேகமேயில்லை, இ.
பென்சில் பிடிக்கும் விரல் தானாகவே வளைந்தது.

சொல்லவில்லை.
இரண்டு மாத அட்வான்ஸ் அவரிடம்.
தேர்வுக்குப் பத்தொன்பது நாள்.
என் கன்னடமோ ‘ஆயித்து அம்மா’ வரைக்கும்தான்.

புத்தகத்தில், பேசாமல் நிற்பது
எந்தப் பக்கமும் சாயாத தெரிவு,
அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.
கெம்பம்மா தலையாட்டிக்கொண்டே இறங்கினார்,
படிக்குப் படி இன்னும் உறுதியாக.
என் மௌனத்தை எடுத்து
அந்தச் சந்தில் சொருகிக்கொண்டு போயிருக்கிறார்.

நாற்பத்திரண்டு: எது வலுப்படுத்தும்?
கீழே சந்துக்குள் டேங்கர் பின்னோக்கி வரும் பீப்பொலி.
மோட்டார் உறுமுகிறது.
முதுகுக்குப் பின்னால்
தொட்டி, அடியிலிருந்து மேலாக,
குளிர்ந்துகொண்டு வருகிறது.