தோன்றா எழுவாய்

புர்க்டோர்ஃப் பொலிஸ் நிலையம், இரண்டாம் மாடி.
முதல் எச்சரிக்கை எனக்கு:
பொய்யாய் மொழிபெயர்த்தால் பிரிவு 307.
தலையசைத்தேன்.
என் மணித்தியாலக் கணக்கு எட்டு ஐந்துக்குத் தொடங்குகிறது.

அடுத்தது அவருக்கு:
பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு.
குகநேசன் என்னைப் பார்க்கிறார்.
"கேக்கேக்க பேசாமல் இருந்தால் மரியாதையில்லை எல்லோ, தங்கச்சி?"
அதையும் மொழிபெயர்க்கிறேன்.
அதிகாரி ஏபி சிரிக்கவில்லை, தட்டச்சு செய்கிறார்.

என்ன நடந்தது?

"விடியப்புறம். பேக்கரி வேலை முடிஞ்சு வாறன்.
மழை. கண்ணாடி முழுக்க ஆவி.
சந்தியில சைக்கிள் ஒண்டு வந்திட்டுது.
கார் பட்டிட்டுது.
மனுசி விழுந்திட்டா."

சைக்கிள் வந்தது. கார் பட்டது. மனுசி விழுந்தாள்.
மழைக்குக்கூட ஒரு வேலை கிடைத்திருக்கிறது.
வேலை முடிந்து வந்தவரை
சந்திக்கு முன்னால் எங்கோ இறக்கிவிட்டிருக்கிறார்.

காரை ஓட்டியது யார், என்கிறார் ஏபி.

"நான்தான். ஆனால் அவ என்ர கண்ணில படேல்லை."

எங்கள் மொழியில் கண் சும்மா இருக்கும்;
படுவது, வெளியே நிற்பவரின் பொறுப்பு.
"நான் அவரைப் பார்க்கவில்லை" என்று சொன்னால்
இந்த மனிதனைக் குற்றத்தின் நடுவில் இருத்திவிடுவேன்.
"அவர் தென்படவில்லை" என்று சொன்னால்
எழுபத்தொரு வயது ஸ்பிண்டன் அம்மாவின்
முறிந்த காறை எலும்பின் மேல்
பாதிப் பாரத்தை நானே வைத்தவளாவேன்.
இரண்டையும் சொல்லி, ஏன் இரண்டு என்றும் சொன்னேன்.
ஏபி விசைப்பலகையில் இருந்து கையை எடுத்துவிட்டுக்
கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்தார்.

பிறகு வரைபடம்.
பலகை இல்லாத சந்தி.
பலகை இல்லாத இடத்தில் வலப்பக்கம்தான் சட்டம்.
மழையோ வெயிலோ, வருவது யாரோ,
வழி அவருக்கு.
ஸ்பிண்டன் அம்மாவின் முன்விளக்கு எரியவில்லை;
அதைக் காப்புறுதிக்காரர் கணக்குப் பார்ப்பார்கள்,
மூன்றில் ஒன்றோ, நான்கில் ஒன்றோ.
இங்கே அம்புக்குறி மட்டும் போதும் என்று பேனாவை நீட்டினார்.

குகநேசன் காரை வரைந்தார்,
சில்லு வைத்து, யன்னல் வைத்து.
யன்னலுக்குள் ஒரு தலை.
அதை யாரும் கேட்கவில்லை.

பேனாவை மூடினார்.
"எழுதச் சொல்லுங்கோ, தங்கச்சி.
நான் இடிச்சனான்."

இடிச்சனான்.
முன்னால் ஒரு நான்,
வினையின் வாலிலும் தைத்து ஒரு நான்.
ஜெர்மனில் ஒரு தடவைதான் சொல்ல முடிந்தது.

ஐந்து பக்கம். திருப்பி வாசித்துக் காட்டினேன்.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கையெழுத்து,
அதற்குக் கீழே என்னுடையது.

படியில் இறங்கும்போது கேட்டார்:
"அந்த மனுசியை ஆஸ்பத்திரியில போய்ப் பாக்கலாமோ,
அது சட்டத்தில பிழையோ?"

என் மணித்தியாலம் முடிந்திருந்தது.
"தெரியேல்லை" என்றேன்.
கதவைத் திறந்த பிறகு
"எனக்கு" என்று சேர்த்துக்கொண்டேன்.